ஓமத்தின் மணமும் தைமின் குணமும்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

ஓமப்பொடி பிழியும் வீட்டை யாரும் முகவரி சொல்லித் தேட வேண்டியதில்லை. அதன் மணமே தெருமுனை வரை வந்து வழிகாட்டும். வயிறு மந்தமாக இருந்தால் "கொஞ்சம் ஓமத்தை மென்று வெந்நீர் குடி" என்பார் பாட்டி. சளி பிடித்த குழந்தைக்கு வேலியோரத்தில் வளரும் ஓமவல்லி இலையைப் பறித்துச் சாறெடுப்பார் அம்மா. நம் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதை 'வாமு' என்பார்கள். வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்திருக்கும் குடும்பங்கள் 'அஜ்வைன்' என்பார்கள். பெயர்கள் மூன்றானாலும் மணம் ஒன்றே.

அந்த மணத்திற்குக் காரணமான பொருள் எது? அதை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? அது உண்மையிலேயே நோய்க்கிருமிகளைக் கொல்லுமா? கொல்லும் என்றால் எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது? இவ்வாண்டு வேதியியல் பாடத்தை ஒட்டி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

இரு செடிகள், ஒரே மணம்

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் 'தைம்' என்னும் சிறு செடி வளர்கிறது. முழங்கால் உயரம்கூட இராது. இலைகள் மிகச் சிறியவை. அதன் தாவரவியல் பெயர் தைமஸ் வல்காரிஸ். துளசி, புதினா, ஓமவல்லி ஆகியவை சேர்ந்த குடும்பமே அதன் குடும்பமும். குளிர்ந்த இடங்களை விரும்புவதால் நம் தமிழ்நாட்டில் நீலகிரியில் இதனைப் பயிரிடுகிறார்கள்.

ஓமம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்துமல்லி, சீரகம், சோம்பு ஆகியவை அதன் உறவுகள். ஓமம் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் மிகுதியாகவும், நம் அண்டை மாநிலமான ஆந்திரத்திலும் விளைகிறது. நாம் ஓம விதை என்று சொல்வது உண்மையில் விதையன்று. அது உலர்ந்த கனி. அதன் மேல்தோலில் உள்ள நுண்ணிய குழாய்களில் மணமுள்ள எண்ணெய் தங்கியிருக்கிறது. அதனால்தான் ஓமத்தைக் கையில் கசக்கியதும் மணம் கூடுகிறது.

உறவே இல்லாத இவ்விரு செடிகளும் ஒரே பொருளைத் தயாரிக்கின்றன என்பதே வியப்புக்குரிய செய்தி. அப்பொருளின் பெயர் தைமால். தைம் செடியிலிருந்து முதலில் கிடைத்ததால் அப்பெயர் பெற்றது. ஆனால் வணிகத்திற்காகத் தைமால் எடுக்க நெடுங்காலம் பெரிதும் பயன்பட்டது நம் நாட்டு ஓமமே!

திருவிவிலியத்தில் வரும் 'ஈசோப்பு' என்னும் செடியை நாம் அறிவோம். பாஸ்காவின்போது கதவு நிலைகளில் இரத்தம் தெளிக்கவும், தூய்மைச் சடங்குகளிலும் அது பயன்பட்டது. சிரியா நாட்டுப் பகுதியில் வளரும் ஒருவகை மருவே அச்செடி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அம்மருவின் எண்ணெயிலும் தைமாலும் அதன் இரட்டைச் சகோதரியான கார்வக்ராலும் உள்ளன.

வடித்தெடுக்கும் முறை

தைமால் 232 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் கொதிக்கும். அவ்வளவு சூடேற்றினால் செடி கருகிவிடும், எண்ணெயும் கெட்டுவிடும். இதற்கு அறிவியல் கண்ட வழியே நீராவி வடித்தல்.

நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் தனித்தனியே தத்தம் ஆவி அழுத்தத்தைத் தருகின்றன. இரண்டின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியவுடன் கலவை கொதிக்கத் தொடங்கும். ஒருவரால் தூக்க முடியாத மூட்டையை இருவர் கைகொடுத்துத் தூக்குவது போன்றது இது. எனவே 232 டிகிரியில் கொதிக்க வேண்டிய தைமால், நீராவியின் துணையோடு 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே மேலெழுந்து வந்துவிடுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் அருட்சகோதரி இதனைச் செய்து காட்டினார். 100 கிராம் ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்துக் குடுவையில் இட்டோம். வேறொரு குடுவையில் நீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியைக் கண்ணாடிக் குழாய் வழியே ஓமத்தினுள் செலுத்தினோம். ஓமத்தின் மணத்தைச் சுமந்து வந்த ஆவி, குளிர்விக்கும் குழாயில் நுழைந்து துளித்துளியாக வடிந்தது. முதலில் வந்த நீர் பால்போல் கலங்கியிருந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் நீரின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய எண்ணெய் அடுக்கு மிதந்தது. அளந்து பார்த்தபோது சுமார் 2 மில்லிலிட்டர்! ஓமத்தில் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் எண்ணெய் உண்டு. உலர்ந்த தைம் இலையில் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான்.

என் தந்தை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் பணிபுரிகிறார். ஆய்வகத்தில் கண்டதை அவரிடம் சொன்னபோது, "குளிர்ந்த தண்ணீர் கண்டென்சருக்குள் கீழ்ப்பக்கமாக நுழைந்ததா, மேல்பக்கமாக நுழைந்ததா?" என்று கேட்டார். கீழ்ப்பக்கமாக என்றேன். "அதுதான் சரி. ஆவி ஒரு திசையில் வர, தண்ணீர் எதிர்த்திசையில் போனால்தான் குழாய் முழுவதும் நிறைந்து நன்றாகக் குளிரும். எங்கள் ஆலையிலும் அதே கணக்குதான்" என்றார். பாடப்புத்தகத்தில் உள்ள சிறு படமும், ஷிப்ட் முடித்து வரும் அப்பாவின் வேலையும் ஒன்றே என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இம்முறை நம் முன்னோர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் இவ்வாறு வடித்தெடுக்கும் நீரைத் 'தீநீர்' என்றும், வடிக்கும் கருவியை 'வாலை' என்றும் அழைப்பர். நாம் கடையில் ஓம வாட்டர் என்று வாங்குவது அந்த ஓமத் தீநீரின் வழிவந்ததே. நீலகிரியில் யூகலிப்டஸ் இலைகளைப் பெரிய அண்டாக்களில் இட்டுக் காய்ச்சித் தைலம் எடுப்பதைச் சுற்றுலா சென்ற மாணவியர் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே தத்துவம்தான்.

எண்ணெயில் என்ன இருக்கிறது?

தைம் எண்ணெய் தனிப்பொருள் அன்று. பல பொருள்களின் கலவை. அவற்றுள் முதன்மையானது தைமால். நல்ல தைம் எண்ணெயில் அது பெரும்பாலும் 35 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். அடுத்து பாரா சைமீன், காமா டெர்பினீன், கார்வக்ரால், லினலூல் முதலியவை. ஓம எண்ணெயிலும் தைமாலே தலைமை. அதனுடன் பாரா சைமீனும் காமா டெர்பினீனும் உள்ளன.

ஒரே தைம் இனத்தைச் சேர்ந்த செடிகளிலும் எண்ணெய் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில செடிகளில் தைமால் மிகுதி; சிலவற்றில் கார்வக்ரால் மிகுதி; வேறு சிலவற்றில் லினலூல் மிகுதி. ஆகவே குப்பியின் மேல் 'தைம் எண்ணெய்' என்று எழுதியிருப்பதால் மட்டும் அதன் வலிமையை அறிந்துவிட முடியாது.

தைமாலின் ஒரு மூலக்கூறில் 10 கார்பன் அணுக்களும், 14 ஹைட்ரஜன் அணுக்களும், ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. தூய தைமால் நிறமற்ற படிகமாக இருக்கும். ஏறத்தாழ 50 டிகிரி வெப்பத்தில் உருகும். கார்வக்ராலிலும் இதே அணுக்கள் இதே எண்ணிக்கையில் உள்ளன. ஹைட்ராக்சில் தொகுதி அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. ஒரே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினால் வேறு சொல் கிடைப்பது போல என்று கொள்ளலாம்.

எண்ணெயிலிருந்து தைமாலை மட்டும் பிரிப்பதற்குப் பத்தாம் வகுப்பு வேதியியலே போதும். தைமால் ஃபீனால் வகையைச் சேர்ந்தது. ஆதலால் மென்மையான அமிலத்தன்மை உடையது. எண்ணெயுடன் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால் தைமால் உப்பாக மாறி நீர்ப்பகுதிக்குச் சென்றுவிடும். மற்றவை எண்ணெயாகவே மேலே மிதக்கும். கீழுள்ள நீர்ப்பகுதியைப் பிரித்து அதில் அமிலம் சேர்த்தால் தைமால் மீண்டும் வெளிப்படும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று நாம் மனப்பாடம் செய்யும் வரிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

வரலாற்றில் தைமால்

1719ஆம் ஆண்டு காஸ்பர் நியூமன் என்னும் ஜெர்மானியர் தைம் எண்ணெயில் படிகங்களைக் கண்டார். 1853இல் பிரான்சு நாட்டு லாலமாண்ட் அதற்குத் தைமால் எனப் பெயரிட்டார். 1882இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஆஸ்கர் விட்மன் அதனைச் செயற்கையாகத் தயாரித்தார்.

முதல் உலகப் போருக்கு முன்பு நம் நாட்டு ஓமம் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றது. அங்கே தைமால் பிரிக்கப்பட்டு உலக நாடுகளுக்கு விற்கப்பட்டது. 1914இல் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. மருந்துக்குத் தைமால் கிடைக்காமல் தட்டுப்பாடு ஏற்பட்டது. மூலப்பொருள் நம்மிடம் இருந்தும், அதை மருந்தாக்கும் தொழில் வேறெங்கோ இருந்ததன் விளைவு அது. அதன் பின்னரே இந்தியாவிலும் தைமால் தயாரிக்கும் முயற்சிகள் நடந்தன.

அக்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் சைமன்சன். 1914இல் இந்திய அறிவியல் மாநாடு தோன்றக் காரணமான இருவரில் இவர் ஒருவர். பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியத் தாவரங்களின் மண எண்ணெய்களை ஆராய்ந்தார். தைமாலும் சேர்ந்த டெர்பீன் குடும்பத்தைப் பற்றி விரிவான நூல்களை எழுதினார். உலகறிந்த அந்த ஆய்வாளர் நம் ஊரிலிருந்து ரயிலேறினால் சென்று சேரும் சென்னையில் பாடம் நடத்தினார் என்பது நமக்குப் பெருமையன்றோ?

1909ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஒன்றை ராக்ஃபெல்லர் ஆணையம் நடத்தியது. வெறுங்காலுடன் நடப்பவர்களின் பாதம் வழியே புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. அதற்கு அன்று கொடுத்த மருந்து தைமால். மருந்து உண்ட நாளில் மதுவும் எண்ணெய்ப் பொருள்களும் உண்ணக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அவை தைமாலைக் கரைத்து உடலுக்குள் சேர்த்து நஞ்சாக்கிவிடும். இன்று அந்த ஆபத்தான மருந்து தேவையில்லை. 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் வகுப்பறையில் நாம் மென்று தின்னும் அல்பெண்டசோல் மாத்திரை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

தற்காலத்தில் தைமால் பெரும்பாலும் மெட்டா கிரெசால், புரொப்பிலீன் ஆகிய இரு பொருள்களைச் சேர்த்தே தயாராகிறது. புரொப்பிலீன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. நம் பக்கத்து மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலையிலும் அது கிடைக்கிறது. செடியில் உருவான தைமாலுக்கும் ஆலையில் உருவான தைமாலுக்கும் மூலக்கூறு அளவில் வேறுபாடு இல்லை.

கிருமிகளை எவ்வாறு கொல்கிறது?

பாக்டீரியாவைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. அது பெரிதும் கொழுப்பால் ஆனது. தைமாலோ கொழுப்பை நாடும் பொருள். அது சவ்வினுள் புகுந்து அதன் அடுக்கைக் குலைத்துவிடுகிறது. ஓட்டைப் பானையிலிருந்து நீர் ஒழுகுவது போல, உள்ளேயிருந்த பொட்டாசியமும், உயிராற்றல் தரும் பொருள்களும் வெளியே ஒழுகுகின்றன. கிருமி மாள்கிறது.

இதில் ஹைட்ராக்சில் தொகுதியின் பங்கு பெரிது. பாரா சைமீனுக்கும் தைமாலின் கட்டமைப்பே உண்டு. ஆனால் ஹைட்ராக்சில் தொகுதி இல்லை. அதனால் அதன் கிருமிக்கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. ஓர் ஆக்சிஜன் அணு இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்துவிடுகிறது!

ஆய்வகங்களில் இவ்வாற்றலை அளக்க ஓர் எளிய வழி உண்டு. அகார் என்னும் கூழ் நிரப்பிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, எண்ணெயில் நனைத்த சிறு காகித வில்லையை நடுவில் வைப்பார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். சீழ்க்கட்டியை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், குடலில் வாழும் எஸ்செரிசியா கோலை ஆகியவற்றைத் தைமால் தடுப்பது இவ்வாறு தெரியவந்துள்ளது. ஆனால் சூடோமோனாஸ் என்னும் கிருமி இதனை எளிதில் தாங்கிக்கொள்கிறது. எல்லாக் கிருமிகளையும் கொல்லும் சர்வரோக நிவாரணி அல்ல இது.

இன்றைய பயன்கள்

வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் பல் மருத்துவத்திலும் தைமால் பயன்படுகிறது. 1879இல் அமெரிக்காவில் தயாரான லிஸ்டரின் என்னும் வாய்நீரில் இன்றும் அது உண்டு. ஐரோப்பாவில் சளி இருமலுக்கான சில மருந்துகளில் தைம் சேர்கிறது. தேனீக்களைத் தாக்கும் வரோவா என்னும் உண்ணியை அழிக்கத் தேனீ வளர்ப்போர் தைமால் ஆவியைப் பயன்படுத்துகின்றனர்.

பழைய சுவடிகளையும் ஆவணங்களையும் பூஞ்சணத்திலிருந்து காக்க நம் நாட்டு ஆவணக் காப்பகங்களில் தைமால் பெட்டி பயன்பட்டு வந்துள்ளது. பெட்டியின் அடியில் ஒரு தட்டில் தைமால் படிகங்களை வைத்து, அதன் கீழ் 40 வாட் பல்பு ஒன்றை எரியவிடுவார்கள். பல்பின் இளஞ்சூட்டில் எழும் ஆவி, மேலே விரித்து வைத்த தாள்களில் உள்ள பூஞ்சணத்தைக் கொல்லும். சமையலறை மணம் நம் வரலாற்றையும் காத்திருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்

இக்கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம் என்று பெற்றோர்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் உள்ள ஓர் அக்காவின் கைக்குழந்தை ஒருநாள் இடைவிடாமல் அழுதது. வாயுத் தொல்லை, ஓம வாட்டர் கொடுத்தால் சரியாகும் என்றார்கள். அவர் கணவர் அவசரத்தில் வாங்கி வந்தது ஓம வாட்டர் அன்று, ஓம எண்ணெய். சின்னக் குப்பியில் இருந்ததால், "இது நல்ல ஸ்ட்ராங்கானது, அரை ஸ்பூன் போதும்" என்று அக்கா எண்ணிவிட்டார். ஆங்கிலத்தில் இருந்த சிறிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று அதில் இருந்தது. "அக்கா, இதை வாயில் ஊற்றவே கூடாது" என்று சொல்லித் தடுத்தேன். பிறகு குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்த செவிலியர், பால் கொடுத்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யும் முறையைக் காட்டினார். சற்று நேரத்தில் குழந்தை உறங்கிவிட்டது.

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டேன். தைமால் நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு கிராம்தான். ஆகவே 5 மில்லிலிட்டர் ஓம நீரில் மிகுதியாகப் போனால் 5 மில்லிகிராம் தைமால் இருக்கலாம். 5 மில்லிலிட்டர் ஓம எண்ணெயிலோ, பாதி தைமால் என்று கொண்டால், 2,300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அதாவது 400 மடங்குக்கும் மேல்! ஒரே ஸ்பூன்தான், ஆனால் ஒன்று மணநீர், மற்றொன்று நஞ்சு.

ஆகவே கீழ்க்கண்டவற்றை நினைவிற் கொள்வோம்.

மண எண்ணெய்களை மருத்துவர் சொல்லாமல் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. வேறு எண்ணெய் கலந்து நீர்க்கச் செய்யாமல் தோலில் தடவினால் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். தீக்காயத்திலும் கண்ணருகிலும் படவே கூடாது. கருவுற்ற தாய்மார் கட்டாயம் தவிர்க்க வேண்டும். குப்பியைக் குழந்தைகள் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே ஓம வாட்டர் ஆனாலும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். தட்டில் வளரும் கிருமியைக் கொல்வது வேறு, உடலுக்குள் பரவிய நோயைக் குணப்படுத்துவது வேறு. காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இருக்கும்போது கைவைத்தியத்தில் நாளைக் கடத்துவது உயிருக்கே ஆபத்து.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் பெரியோர். அது வெறும் பழமொழியன்று; வேதியியல் உண்மை. பாட்டி சொன்ன ஓமக் கஷாயத்தில் உண்மை இருக்கிறது. ஆலையின் பாய்லரில் எழும் நீராவியிலும் அதே உண்மை இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் கண்ணைத் தருவது கல்வி.

நம் ஊரைச் சுற்றி எத்தனையோ தொழிற்சாலைகள் உள்ளன. அவற்றின் வாயிலில் நம் தந்தையரும் தமையன்மாரும் அடையாள அட்டையுடன் நுழைகின்றனர். அங்குள்ள ஆய்வுக்கூடங்களிலும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலும் வேதியியல் கற்ற பெண்களுக்கும் இடமுண்டு. ஒருகாலத்தில் நம் ஓமம் கடல் கடந்து சென்று மருந்தாகத் திரும்பி வந்தது. இனி நம் மண்ணில் விளைவதை நாமே ஆய்ந்து, அளந்து, பாதுகாப்பான மருந்தாக்கித் தரும் நாள் வரவேண்டும். அதற்குரிய அறிவை இப்பள்ளியின் ஆய்வக மேசையிலேயே தேடத் தொடங்குவோம், தோழியரே!